கோளாறே இல்லாத தென்காசி

என்னை வேலையைவிட்டு அனுப்புவதற்காகக் கூட்டிய கூட்டத்தில் முதலில் கைதட்டியவன் நான்தான். இதைவிடப் பெரிய மூடத்தனம் செய்தவர்கள் யாராவது இருந்தால் வரட்டும், பழைய பஸ் ஸ்டாண்டு முன்னால் வைத்து மாலை போடுகிறேன். கூட்டம் என்றால் ஆளுக்கொரு கம்ப்யூட்டரில் தலையை மட்டும் காட்டுகிற கூட்டம். சென்னையிலிருந்து அண்ணாச்சி தன் திரையை எல்லோருக்கும் விரித்துக் காட்டினார். எங்கள் கம்பெனி பார்த்துக்கொள்ளும் ஆஸ்பத்திரிகள் ஊர் ஊராக இருந்தன, எதிரே கோளாறுகளின் சிவப்புக் கட்டங்கள். தென்காசிக்கு எதிரே மட்டும் ஒரே பச்சை. எனக்குப் பெருமை பொங்கிவிட்டது. கைதட்டும் மஞ்சள் பொம்மையை அழுத்தினேன். அது திரையில் மிதந்து மேலே போய்க்கொண்டிருக்கும்போதே அண்ணாச்சி அடுத்த வரியை வாசித்தார். தென்காசியில் பிரச்சினையே இல்லாததால் அங்கே தனியாக ஆள் தேவையில்லை, சென்னையிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம் என்றார். விட்ட பொம்மையைத் திரும்ப இழுக்க ஏதாவது பொத்தான் இருக்கிறதா என்று தேடினேன். அப்படி ஒன்றை எவனும் கண்டுபிடிக்கவில்லை.

அண்ணாச்சி என்றதும் மளிகைக்கடை ஞாபகம் வந்தால் அது உங்கள் தப்பில்லை. இவர் இலஞ்சிக்காரர், சென்னையில் எங்கள் மேலாளர். கம்பெனியில் மற்றவர்கள் அவரைச் சார் என்பார்கள். நான் ஒருவன்தான் அண்ணாச்சி என்பேன், அதில் எனக்கு ஒரு பெருமை. எனக்கு அந்த வேலையை வாங்கித் தந்தவர் அவர். இடையில் சென்னையில் வேறொரு கம்பெனி கூடுதல் சம்பளத்துக்குக் கூப்பிட்டபோது, போகவா என்று அவரிடம்தான் கேட்டேன். "எதுக்குலே அங்கன போயி வேர்த்துச் சாகுத? சொந்த ஊரு, சொந்த வீடு. நான் இருக்கம்லா?" என்றார். அந்த ஒரு சொல்லை நம்பி சென்னை வேலையை வேண்டாம் என்று எழுதிப்போட்டேன். வீட்டுக்குக் கடன் வாங்கியதும் அதே தைரியத்தில்தான்.

என் வேலையைச் சொன்னால் என் மாமனாருக்கே இன்றுவரை புரிந்ததில்லை. ஆஸ்பத்திரி லேபில் ரத்தத்தைச் சோதிக்கும் இயந்திரம் முடிவை ஒரு பாஷையில் சொல்லும். வார்டில் டாக்டர் பார்க்கும் கம்ப்யூட்டருக்குத் தெரிந்தது வேறு பாஷை. இரண்டுக்கும் நடுவே ஒரு மென்பொருள் உட்கார்ந்து, வருகிற ஒவ்வொரு செய்தியையும் பெயர்த்து அனுப்பும். பெயர்க்கத் தெரியாத செய்தி வந்தால் சத்தம் போடாது, அதை ஓரமாக ஒதுக்கிவைத்துவிட்டு அடுத்ததை எடுத்துக்கொள்ளும். ஒதுக்கியதை எடுத்துப் பார்த்து, ஏன் புரியவில்லை என்று கண்டுபிடித்து, புரியவைத்து அனுப்புவது என் பாடு. கல்யாண வீட்டில் சம்பந்திகள் இருவருக்கும் நடுவில் நிற்கும் தரகர் மாதிரி. எல்லாம் நல்லபடியாக நடந்தால் அங்கே தரகர் ஒருவர் இருந்ததே யாருக்கும் தெரியாது.

ஒரு சீசன் சமயம் காய்ச்சல் கொத்துக் கொத்தாக வந்தது. குற்றாலத்துக்குக் குளிக்க வந்தவர்கள், புளியறைப் பக்கத்து லாரிக்காரர்கள் என்று வார்டு நிரம்பிவிட்டது. மத்தியானம் சாப்பாட்டில் கைவைக்கப் போகும்போது லேப் அக்கா கூப்பிட்டார். அக்கா என்றாலும் கண்டிப்பில் அத்தை.

"தம்பி, பிளேட்லெட் ரிப்போர்ட்ட நாங்க அனுப்பிட்டோம். வார்டுல வரலங்காவ. ஒங்க பொட்டிக்குச் சீக்கு வந்துட்டா?"

"ஒண்ணுமே போகலையாக்கா?"

"நல்லா இருக்கவுகளுதெல்லாம் ஜோரா போவுது. படுத்த படுக்கையா கெடக்கவுகளுதுதான் நிக்குது. எமன்கிட்ட துட்டு கிட்டு வாங்கிட்டியளா?"

சிரித்துக்கொண்டே ஓடினேன். ஒதுக்கி வைத்திருந்த செய்திகளைத் திறந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. அக்கா விளையாட்டாகச் சொன்னது நிஜம். பிளேட்லெட் என்கிற ரத்தத்தட்டுகள் எண்ணவே முடியாத அளவுக்குக் குறைந்துபோனவர்களுக்கு, இயந்திரம் எண்ணைச் சொல்லாமல், 'இதற்கும் கீழே' என்று எண்ணுக்கு முன்னால் ஒரு குறியைப் போட்டு அனுப்பியிருந்தது. இயந்திரத்தை விற்றவர்கள் அதில் புதிதாக ஏதோ மாற்றிவிட்டுப் போனதன் விளைவு. நம் மென்பொருளுக்கோ அந்த இடத்தில் எண் மட்டும்தான் வேண்டும். குறியைப் பார்த்ததும் முழித்தது, மொத்தச் செய்தியையும் ஓரங்கட்டியது. ஆக, யாருடைய செய்தி முதலில் போய்ச் சேர வேண்டுமோ அவர்களுடையது மட்டும் துல்லியமாகப் பிடித்து நிறுத்தப்பட்டிருந்தது. கடையநல்லூரிலிருந்து வந்த ஒரு தறிக்காரர் அதில் இருந்தார். அவருக்கு ஈறிலிருந்து ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. வார்டு டாக்டர் திரையில் ரிப்போர்ட்டைத் தேடிக்கொண்டிருந்தார்.

அக்கா போனை எடுத்து முடிவுகளை வார்டுக்கு வாயாலேயே வாசித்தார். நான் அந்தப் பக்கம் குறியைத் தனியாகவும் எண்ணைத் தனியாகவும் பிரித்து வாங்கும்படி மென்பொருளை மாற்றி, நின்றதையெல்லாம் மறுபடி அனுப்பினேன். ஒவ்வொன்றாகக் கிளம்பிப் போனதைப் பார்த்தபோது மழைக்கு நின்ற பஸ்கள் கிளம்புவது போலிருந்தது. தறிக்காரர் பிழைத்து எழுந்து, எனக்கும் சேர்த்து அல்வா கொடுத்துவிட்டுப் போனார். நான் யார் என்று அவருக்குத் தெரியாது. கம்ப்யூட்டரில் பாட்டுப் போடுகிற பையன் என்று நினைத்திருப்பார்.

முறைப்படி இதையெல்லாம் கம்பெனியின் தளத்தில் டிக்கெட்டாகப் பதிய வேண்டும். என்ன கெட்டது, யார் சரிசெய்தது என்கிற புகார்க் குறிப்புக்குத்தான் டிக்கெட் என்று பெயர். பதிவதற்கு முன்னால், மரியாதைக்காக அண்ணாச்சிக்குப் போன் போட்டேன்.

"சரி பண்ணிட்டல்லா? பொறவு எதுக்குலே டிக்கெட்டு? மேல இருக்கவனுவ ஆயிரம் கேள்வி கேப்பானுவ. வீட்டுக்குள்ள பல்லி விழுந்தா தெருவுலயா நின்னு கத்துவ? நமக்குள்ள இருக்கட்டும்."

நமக்குள்ளே! அந்த வார்த்தைக்கு நான் விழுந்ததுபோல ஐந்தருவித் தண்ணீர்கூட விழாது. எங்கள் பக்கத்து வழக்கமும் அதுதானே. அண்ணன் தம்பி வெட்டிக்கொண்டாலும் போலீசுக்குப் போகமாட்டோம், பெரியவர் ஒருவரை வைத்துப் பேசி முடித்துக்கொள்வோம். அந்த வழக்கத்தை நான் மென்பொருளுக்கும் பொருத்திவிட்டேன். அதற்கப்புறம் எது நின்றாலும் அக்கா என்னைக் கூப்பிடுவார், நான் சரிசெய்வேன், அண்ணாச்சியிடம் வாயால் சொல்வேன், அவர் 'பேஷ்' என்பார். எழுத்தில் ஒரு வரி கிடையாது. சாரல் விழும் மாதங்களில் அவர் ஊருக்கு வந்தால் அருவியில் குளித்துவிட்டு, நடுங்கிக்கொண்டே பரோட்டாக் கடையில் உட்காருவோம். "நீ இருக்கதுனால தென்காசியப் பத்தி எனக்குக் கவலையே கெடையாதுலே" என்று என் இலையில் ஒரு துண்டு நாட்டுக்கோழியை எடுத்து வைப்பார். ஆட்டுக்கு மாலை போடும்போது ஆடும் இப்படித்தான் சந்தோஷப்பட்டிருக்கும்.

எனக்கும் மேலிடத்துக்கும் நடுவே அண்ணாச்சி உட்கார்ந்திருந்தார். நான் சொன்னதெல்லாம் அவர்வரை போனது, அங்கிருந்து அவர் அதை எப்படிப் பெயர்த்து அனுப்பினார் என்று ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை. ஊர் ஆஸ்பத்திரிச் செய்தியையெல்லாம் திறந்து பார்க்கிறவனுக்கு இது ஒன்று தோன்றவில்லை. மற்ற ஊர்களில் ஒவ்வொரு கோளாறையும் பதிந்து சிவப்பு வாங்கியவர்களைப் பார்த்து நான் பரிதாபப்பட்டேன். அவர்கள் எல்லோரும் இன்னும் வேலையில் இருக்கிறார்கள்.

கூட்டம் முடிந்ததும் அண்ணாச்சிக்குப் போன் அடித்தேன், எடுக்கவில்லை. மறுநாளும் எடுக்கவில்லை. நான் பார்த்த வேலையையெல்லாம் கம்பெனிக்கு எழுதலாம் என்று உட்கார்ந்தபோது மனைவி பக்கத்தில் வந்து நின்றாள்.

"நீங்க இத்தனையும் சரி பண்ணதுக்குச் சாட்சி யாரு?"

"அண்ணாச்சிதான்."

"நல்ல சாட்சி" என்று சொல்லிவிட்டு அடுப்பை அணைக்கப் போய்விட்டாள். நானும் எழுதுவதை நிறுத்திவிட்டேன்.

எனக்கு வலித்தது வேலை போனது மட்டுமல்ல. அதற்கு ஏதோ நியாயம் இருந்திருக்கலாம், ஆள் குறைக்கச் சொல்லி அவரை யாராவது நெருக்கியிருக்கலாம். 'தம்பி, வேற வழி இல்ல' என்று ஒரு போன் போட்டிருந்தால், அவருக்காக நானே அழுதிருப்பேன், அந்த அளவுக்குப் பைத்தியம் நான். அதைச் செய்யாமல், நான் மறைத்து வைத்த உழைப்பையே எடுத்து, உழைப்பே இல்லை என்பதற்கு அத்தாட்சியாகக் காட்டினார்.

இப்போது குற்றாலத்தில் மச்சானின் லாட்ஜில் ரூம் புக்கிங் பார்க்கிறேன். இங்கும் ஒரு கம்ப்யூட்டர் உண்டு, கெட்டால் ஊருக்கே கேட்கும்படி கத்துகிறேன். போன வாரம் சாரலுக்கு ரூம் கேட்டு வாசலில் கூட்டம் நின்றபோது லேப் அக்கா கூப்பிட்டார்.

"தம்பி, மறுபடியும் ரிப்போர்ட்டு நிக்குது. சென்னைக்குச் சொன்னா, பதிஞ்சாச்சு, வரிசையில இருக்குங்கான். காச்சக்காரன் வரிசையிலயா நிப்பான்?"

"அக்கா, எனக்கு அந்தப் பொட்டிக்குள்ள போற வழிய அடைச்சிட்டாங்க. நீங்க பழையபடி வாயால வாசிச்சிருங்க."

"வாசிச்சாச்சு. மனசு கேக்கல, அதான் ஒங்களையும் கூப்பிட்டேன்" என்றார். சாவி கேட்டு நின்றவருக்கு வேறு ரூம் சாவியைக் கொடுத்து, ஏச்சு வாங்கினேன்.

அன்றைக்குத்தான் வைராக்கியத்தை விட்டு அண்ணாச்சிக்கு வாட்ஸ்அப்பில் எழுதினேன். திட்டி எழுதி அழித்தேன், கெஞ்சி எழுதி அழித்தேன். கடைசியில் ஒரே கேள்வியைத்தான் அனுப்பினேன். "அண்ணாச்சி, நான் என்னதான் தப்புப் பண்ணினேன்?"

உடனே பார்த்துவிட்டார். கொஞ்ச நேரம் எழுதுவதும் நிறுத்துவதுமாக இருந்தார். பிறகு வந்தது:

"நீ ஒரு தப்பும் பண்ணலயேலே, அதான்."