ஊர்க் கட்டுப்பாட்டின் குரல்

திருக்கடையூருக்குக் கிழக்கே, தார்ச்சாலை மணலுக்குள் காணாமல் போகும் இடத்தில் ஒரு மீனவக் கிராமம். அங்கே மாரியப்பனின் குரல் தெரியாதவர் கிடையாது. அவர் பேசிக் கேட்டவர்கள்தாம் குறைவு. கோயில் மைக்கில் பஞ்சாயத்தின் அறிவிப்புகளை வாசிப்பது அவர் வேலை. புயல் எச்சரிக்கை, கல்யாணம், சாவு, ஊர் யாரை விலக்கி வைத்திருக்கிறது என்பது வரை எல்லாம் ஒரே சுருதி. அதனாலேயே பஞ்சாயத்தாருக்கு அவர்மேல் அத்தனை நம்பிக்கை.

பதினான்கு மாதத்துக்கு முன்பு அதே சுருதியில் தன் அக்கா எல்லையம்மாளின் வீட்டையும் விலக்கி வாசித்தார். அக்கா மகன் யுவன், பஞ்சாயத்துத் தலைவர் போடுவது தடை செய்யப்பட்ட சுருக்குமடி வலை என்று கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்திருந்தான். அரசாங்கம் போட்ட தடையை அரசாங்கத்திடமே சொன்னது குற்றம். அந்த வீட்டாரோடு யாரும் பேசக் கூடாது, கடையில் சாமான் தரக் கூடாது, அவன் போட்டில் ஏறக் கூடாது, மைக்கில் அவர்கள் சேதி வரக் கூடாது. மீறினால் மீறியவருக்கும் அதே கதி. மூன்று வீடு தள்ளியிருந்த அக்காவை மாரியப்பன் அதற்குப் பிறகு ஏறெடுத்துப் பார்க்கவில்லை. யாராவது கேட்டால், “ஊரு சொன்னா சரிதாங்க” என்பார். தனக்கு வருத்தமே இல்லை என்றுதான் அவரும் நம்பியிருந்தார்.

கூட வர ஆளில்லாமல் யுவன் தனியாகவே கடலுக்குப் போய்வந்தான். ஐப்பசியில் ஒருநாள், விடியலில் போனவன் மதியம் மூன்று மணியாகியும் திரும்பவில்லை. போனும் கிடைக்கவில்லை. காற்று ஏறிக்கொண்டிருந்தது.

எல்லையம்மாள் கோயிலுக்கு வந்தாள். மைக் ரூம் வாசலில் உட்கார்ந்திருந்த தம்பியைப் பார்க்காமல், பக்கத்திலிருந்த கரண்டுக் கம்பத்தைப் பார்த்துப் பேசினாள்.

“கம்பமே, கேட்டுக்க. காலையில போன எம்புள்ள இன்னும் வரல. உங்கிட்டதான் சொல்றேன், வேற யாருகிட்டயும் பேசல. பேசுனா அவங்களுக்கும் தண்டனையாம்ல.”

பிள்ளை கடலில் கிடக்கும்போதும், தம்பிக்குக் கெடுதல் வந்துவிடக் கூடாதென்று கம்பத்திடம் முறையிடுகிறாள். மாரியப்பன் எழுந்தார். கையில் தாள் இல்லாமல் அவர் அந்த மைக்கைத் தொட்டதே கிடையாது. சுவிட்சைப் போட்டார்.

“அன்பார்ந்த கிராமவாசிகளே...” வழக்கம்போலத் தொடங்கினார். அதற்குமேல் சுருதி நிற்கவில்லை. “என் மருமவன் கடலுக்குப் போயி இன்னும் வரலைங்க. யாராச்சும் போங்க. என்னை என்ன வேணா பண்ணிக்குங்க, போங்க!” மைக்கை அணைக்க மறந்து அவர் அழுததும் ஊர் முழுக்கக் கேட்டது.

ஆறு போட்டுகள் கிளம்பின. முதலில் போனது தலைவரின் போட்டு. எஞ்சின் நின்று மிதந்துகொண்டிருந்த யுவனைச் சாயங்காலம் இழுத்து வந்தார்கள். கயிற்றை வீசினார்கள், தண்ணீர் பாட்டிலையும் வீசினார்கள். ஒருவரும் அவனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கரையிலிருந்து நாலு மைல் தள்ளியும் கட்டுப்பாடு காப்பாற்றப்பட்டது.

மறுநாள் காலை பஞ்சாயத்து கூடி மாரியப்பனை விலக்கியது. தீர்ப்பை வாசிக்கத்தான் வேறு ஆளில்லை. தலைவர் சங்கடத்தோடு தாளை நீட்டினார்.

“நீயே வாசிச்சிடு மாரியப்பா.”

“எங்கிட்ட பேசக் கூடாதுங்களே, தலைவரே.”

“வாசிச்சப்புறந்தான்யா அது அமலுக்கு வரும்!”

வாசித்தார், ஒரு எழுத்து விடாமல். வாசித்து முடித்து நேரே அக்கா வீட்டுக்கு நடந்தார். விலக்கப்பட்டவர்கள் தங்களுக்குள் பேசக் கூடாது என்று எந்தத் தீர்ப்பிலும் இல்லை; பஞ்சாயத்தில் யாருக்கும் அது தோன்றியிருக்கவில்லை.

எல்லையம்மாள் மீன் அலசிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“ஏன்டா, மருமவன் மருமவன்னு கத்துனியே, பேரைச் சொன்னியா? இந்த ஊருல யாருக்குத்தான் மருமவன் இல்ல?”

“ஊருக்கே தெரியும்க்கா, யாருன்னு.”

“ஊருக்குத் தெரியும். உனக்குத் தெரியத்தான் பதினாலு மாசம் ஆச்சு” என்றாள். “கையைக் கழுவிட்டு உக்காரு.”