வேறு துப்பாக்கியின் உருளை

அந்த ரிவால்வரை அத்தான் வாசல் வெயிலுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றது இன்னும் என் கண்ணில் இருக்கிறது. பித்தளைத் தோட்டா புழக்கத்துக்கு வருவதற்கு முந்தைய பொருள். உருளையின் ஆறு அறைகளிலும் மருந்தும் ஈயக்குண்டும் இடித்து, ஒவ்வொன்றின் பின்னாலும், அடித்தால் பொறி தெறிக்கும் ஒரு செப்புக் கேப்பு மாட்டிச் சுட வேண்டும். குளத்தூர்ப் பக்கத்துப் பெரிய வீட்டு ஐயா அதைப் பட்டுத்துணியில் சுற்றி எடுத்து வந்திருந்தார். கும்பினித் துரை ஒருவர் தம் பாட்டனாருக்குக் கொடுத்ததாம். மலைத் தோட்டத்து வெள்ளைக்காரர் ஒருவர் நல்ல விலைக்குக் கேட்கிறாராம். அதன் நிலைமையையும் மதிப்பையும் எழுதி ஒரு சீட்டு வேண்டும் என்றார்.

அது யுத்த காலம். புதுக்கோட்டையில் என் அக்காவின் கணவரான அத்தானும் நானும் துப்பாக்கி பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தோம். கடைக் கட்டடம் ஐயாவுடையது.

அத்தான் உருளையைக் கழற்றினார். குழலின் பின்வாயில் வெள்ளைத் தாளை வைத்து, அதில் படும் வெளிச்சத்தில் உள்ளே துரு தின்ற இடங்களைப் பார்த்தார். பிறகு பாகங்களில் பொறித்திருந்த எண்களைப் பார்த்தார். கைப்பிடிச் சட்டத்திலும் குழலிலும் ஒரே எண், உருளையில் வேறு.

“உருளை வேற துப்பாக்கியோடதுங்க. பாதி வெலைதான் போகும்.”

“எங்க பாட்டனாரு பொய் சொன்னாருங்கிறியா?”

“அவரச் சொல்லலீங்க. நம்பரச் சொல்றேன்.”

“அத விட்டுட்டு எழுது.”

“இருக்கறதத்தாங்க எழுத முடியும்.”

அந்த மாதமே கடையைக் காலி செய்யச் சொல்லி ஆள் வந்தது. அத்தான் அக்காவை அழைத்துக்கொண்டு, சமஸ்தான எல்லை தாண்டி, அறந்தாங்கிக்குப் போனார். கடைத்தெருவில் பூட்டும் பெட்ரோமாக்ஸ் விளக்கும் பழுதுபார்த்தார்.

ஐயா என்னைக் கூப்பிட்டனுப்பினார். “நீ எழுதிக் குடு. கடை ஒனக்குத்தான்” என்றார். எனக்குப் பெண் பேசி முடித்திருந்த சமயம். அதைக் காரணமாகச் சொல்லிக்கொண்டு பல வருஷம் ஓட்டினேன். நானும் உருளையைக் கழற்றினேன். அந்த வேறு எண்ணை நன்றாகப் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான், எல்லாப் பாகங்களும் ஒரே துப்பாக்கியுடையவை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

கல்யாணப் பத்திரிகை வைக்க அறந்தாங்கி போனபோது, அத்தான் ஒரு பூட்டைப் பிரித்து மடியில் வைத்திருந்தார். பக்கத்தில் பூட்டைக் கொண்டுவந்தவர் காத்திருந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருக்கலாம்.

“நீ எழுதினதாச் சொன்னாங்க. நீ பொய் எழுத மாட்ட. நாந்தான் தப்பாப் பாத்துட்டேனாப்பா?”

அவர் முகத்தில் குத்தல் இல்லை. நிஜமாகவே கேட்டார்.

“ஆமா அத்தான். ஒரே நம்பருதான்” என்றேன்.

அத்தான் மடியிலிருந்த பூட்டின் பாகங்களை ஒவ்வொன்றாகத் துணியில் எடுத்து வைத்து, முடிச்சுப் போட்டு, பூட்டுக்காரரிடம் நீட்டினார்.

“எனக்குக் கண்ணு சரியில்லைங்க. வேற ஆளுகிட்டக் குடுத்துப் பாருங்க.”