அண்ணன் கழுத்தில் கட்டிய நெறி

மலேசியாவின் செர்டாங்கில் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டும் என் அண்ணனுக்கு நாக்கின் ஓரத்தில் புற்றுநோய். அறுவை சிகிச்சைக்கு முன்பே, நோய் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் மருந்தை ஊசியில் ஏற்றினார்கள். இரண்டாவது ஊசி போட்ட சில நாட்களில் தாடைக்குக் கீழே பெரிதாக நெறி கட்டிக்கொண்டது. போனில் அவர் குரலே மாறியிருந்தது.

"தங்கச்சி, கழுத்துக்கு எறங்கிருச்சுலா. முடிஞ்சிச்சு."

நான் ஆஸ்பத்திரி லேப்பில் வேலை செய்கிறவள். வெட்டியெடுத்த சதையை மெழுகில் பதித்து, மெல்லிசாகச் சீவி, கண்ணாடித் தகட்டில் ஒட்டிச் சாயம் ஏற்றுவது என் வேலை. அப்படியிருந்தும் நானும் அதைத்தான் நினைத்தேன்.

அறுவை முடிந்து நாக்குத் துண்டும் கழுத்து நெறிகளும் எங்கள் லேப்புக்கே வந்தன. அண்ணனுடையதை நான் தொடவில்லை. கூட வேலை செய்யும் அக்கா சீவினார். சில நாள் கழித்து எங்கள் மலாய்க்கார டாக்டர், மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையைத் தூக்காமலே என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார்.

குனிந்து பார்த்தேன். அந்தப் பெரிய நெறியில் புற்றணு ஒன்றுகூட இல்லை! ஊதாப் புள்ளிகளாக வெள்ளணுக்கள், வட்டம் வட்டமாக, தைப்பூசக் கூட்டம்போல நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. "அண்ணே!" என்று கத்தியேவிட்டேன்.

அடுத்த வாரம் சிகிச்சைக்கு வந்த அண்ணனையும் டாக்டர் பார்க்க அழைத்தார். தைத்த நாக்கு குழறியது.

"யாரு இவனுங்க?"

"உங்க ஆளுங்கதான்ணே," என்றேன். " நாக்குல உள்ள புற்றோட துணுக்க ஒருவகை அணு இந்த நெறிக்குத் தூக்கிட்டு வரும். 'இவன்தான், நல்லாப் பார்த்துக்க'ன்னு வெள்ளணுங்களுக்குக் காட்டும். அடையாளம் தெரிஞ்சவன் ரெண்டாகி, நூறாகி, நாக்குக்கே போயி அடிப்பான். அந்தக் கூட்டத்துலதான் நெறி வீங்கிச்சு."

"இவனுங்களப் பார்த்தா நான் பயந்தேன்?"

நாக்குக் கட்டியின் பெரும்பகுதி செத்துப்போயிருந்தது. வேறொரு சின்ன நெறியில் மட்டும் கொஞ்சம் புற்றணு இருந்தது. அங்கே வெள்ளணுக்கள் சோர்ந்து கிடந்தன. கதிர்வீச்சு கட்டாயம் வேண்டும் என்று டாக்டர் மறைக்காமல் சொன்னார். அண்ணன் தலையாட்டினார். ஆனால் நாற்காலியை விட்டு எழவில்லை. பெரிய நெறியை இன்னொரு தடவை காட்டச் சொன்னார்.

கதிர்வீச்சு முடிந்து எட்டு மாதமாகிறது. போன வாரச் சோதனையிலும் நோய் திரும்பவில்லை. காரம் பட்டால் நாக்கு எரிகிறது என்று திட்டிக்கொண்டே லாரி ஓட்டுகிறார்.