தாழி மேட்டு வாச்மேன்

அந்தக் காலத்துல செத்தவுகளப் பானையில வச்சுப் பொதைச்ச மேட்டுக்கு ஒரு வாச்மேன் போட்டிருக்காக, அவுக எந்திரிச்சு ஓடிராம. உச்சி வெயில்லயும் காக்கிச் சட்டைக்குக் கழுத்துப் பட்டன் வரைக்கும் போட்டுக்கிட்டு, காக்கா உக்காந்தாக்கூட விசில் ஊதுவாரு.

ஒருநா என் சினையாடு அங்கன தோண்டுன குழியில விழுந்து கத்துச்சு.

"தூக்கிவிடுய்யா, வயித்துக்குட்டி செத்துரும்."

"ஆபீசர் வராம டூட்டியில உள்ளவன் எறங்கக்கூடாது ஆத்தா."

"அவரு வாரதுக்குள்ள ஆட்டையும் தாழியிலதான் வைக்கணும்."

சட்டையக் கழட்டி வேலியில மாட்டுனாரு. எறங்கி, தாழியில இடிக்காம ஆட்டத் தூக்கிக் குடுத்தாரு. மேல வந்து, மறுபடி சட்டை, கழுத்துப் பட்டன், விசில்.

"யாரு ஆத்தா குழிக்குள்ள எறங்குனது?"

"யாரோ நல்ல மனுசன்யா. இப்பத்தான் போனாரு."

வாச்மேனத் தெனமும் பாக்குறேன். அந்த மனுசனத்தான் அப்புறம் காணல.