கேசட் காலேஜின் மரியபுஷ்பம்

போன செவ்வாய்க்கிழமை காலை ஸ்டெல்லா ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து போன் செய்தாள். "டீச்சர், அம்மா போயிட்டாங்க" என்றாள். இட்லித் தட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, "சட்னியில உப்பை எங்கட்டி காணும்?" என்று மகளை அதட்டிவிட்டுச் சுவரில் சாய்ந்தவள் அப்படியே போய்விட்டாளாம். போனை வைத்துவிட்டு அழுகை வரும் என்று உட்கார்ந்திருந்தேன். முதலில் வந்தது சிரிப்பு. கடைசி மூச்சிலும் யாரையாவது திருத்திவிட்டுப் போவதற்கு மரியபுஷ்பத்தால்தான் முடியும். அழுகை பஸ் ஏறிய பிறகுதான் வந்தது.

இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேர் அவளை அறிந்தவர்கள். அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். எண்பதுகளில் அவள் ராஜபாளையத்தில் ஒரு மில் டிஸ்பென்சரியில் ஆயா. நான் அதே ஊரில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்திக்கொண்டிருந்தேன். அவளைவிட நான் இரண்டே மாதம்தான் இளையவள். அதனால் 'அவர்' என்று எழுத எனக்குக் கை வரவில்லை. யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

எங்களைச் சேர்த்து வைத்தது ஒரு கேசட். வெளிநாட்டில் இருந்த ஓர் அலுவலகம், பல நாடுகளின் கிராமத்துப் பெண்களைத் தபால் வழியாகவே ஒரே வகுப்பில் உட்கார வைக்க ஆசைப்பட்டது. ஒரு நாட்டில் ஒருத்தி தனக்குத் தெரிந்ததைக் கேசட்டில் பேசுவாள். அது நாடு நாடாகத் தபாலில் போகும். ஒவ்வொரு மையத்திலும் கேட்டுவிட்டு, கேள்விகளைத் தனியே கடிதத்தில் எழுதிவிட்டு, கேசட்டை அடுத்த நாட்டுக்கு அனுப்பிவிட வேண்டும். கென்யாவிலிருந்து எங்களுக்கு வரும். எங்களிடமிருந்து இலங்கை மலையகத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்துக்குப் போகும். பேச்செல்லாம் ஆங்கிலம். கேட்டுத் தமிழில் சொல்வது என் வேலை. ஆட்களைத் திரட்டுவது, வகுப்பை நடத்துவது, மையத்துக்குப் பொறுப்பேற்பது எல்லாம் புஷ்பம். பேண்டேஜ் துணித் தறியில் நிற்பவர்கள், மில் பெண்கள், வ. புதுப்பட்டியிலும் தேவதானத்திலும் வயல் வேலைக்குப் போகிறவர்கள் என்று முப்பது பேர் ஞாயிறு மதியம் என் இன்ஸ்டிடியூட்டில் கூடுவார்கள். டைப்ரைட்டர்களுக்கு உறை போட்டு ஓரமாக நகர்த்திவிட்டுத் தரையில் உட்காருவோம். அவர்கள் அதற்கு வைத்த பெயர் கேசட் காலேஜ்.

மையத்தைப் பார்வையிட, இந்தத் திட்டத்தின் நகரத்துக் கமிட்டியிலிருந்து ஒருவர் வந்தார். பொறுப்பாளர் எதுவரை படித்திருக்கிறார் என்று என்னைப் பார்த்துக் கேட்டார். நான் வாயைத் திறக்கும் முன் புஷ்பம் முந்திக்கொண்டாள்: "எட்டாப்பு முழுசா சார். ஒம்பதுல காப்பரிச்சை வரைக்கும்." அவருக்கு முகம் சுண்டிவிட்டது. ஒரு வருஷம் பார்ப்போம், கேசட் எங்காவது தடைபட்டால் மையத்தை எடுத்துவிடுவோம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். வாசல்வரை போய் வழியனுப்பிவிட்டு வந்தவள், "மனுசன் போகையில நல்லாத்தான் சிரிச்சாரு, பாவம் பசி போல" என்றாள். எனக்கு மட்டும் இரண்டு நாள் ஆத்திரம் ஆறவில்லை.

அந்த வருஷத்தில்தான் வாம்புயியின் கேசட் வந்தது. கென்யாவில் கிராமத்து நர்ஸ். பேசும்போதே இடையிடையே சிரிப்பாள். முதல் பக்கம், பால் மறக்கும் குழந்தைகள் ஏன் இளைத்துப்போகிறார்கள் என்பது பற்றி. கெட்டிக் கூழ் குழந்தையின் தொண்டையில் இறங்காது. தண்ணீர் ஊற்றி இளக்கினால் சின்ன வயிறு தண்ணீரிலேயே நிறைந்துவிடும், சத்து சேராது. இரண்டாம் பக்கத்தில் அதற்கு வழி சொன்னாள். கேழ்வரகை முளைகட்டி, காயவைத்து, மாவாக்கி, அதில் ஒரு கரண்டியைக் கெட்டிக் கூழில் போட்டுக் கிண்டினால் தண்ணீர் ஊற்றாமலே கூழ் இளகிவிடுமாம். அங்கேயும் கேழ்வரகுதான் என்று கேட்டதும் எங்கள் ஆட்களுக்குத் தாங்கவில்லை. "அப்ப அவிய நம்ம சொந்தக்காரவியதான்" என்றாள் வ. புதுப்பட்டி வேலம்மாள்.

கேசட்டை அனுப்ப வேண்டிய வாரம் ஒரு பேச்சு எழுந்தது. பக்கத்து வீட்டிலிருந்து குழம்பு வந்தால் கிண்ணத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கிற வழக்கம் நம்மிடம் உண்டா? இரண்டு வாழைக்காயாவது போட்டுத்தானே கொடுப்போம். அத்தனை தூரத்திலிருந்து பாடம் வந்திருக்கிறது, அதை வெறுமையாக எப்படி அனுப்புவது என்று எல்லோரும் கேட்டார்கள். கேசட்டில் எதையும் பதிவு செய்யக் கூடாது என்று விதி இருக்கிறதே என்றேன். "கடைசியில சும்மா கெடக்குற இடத்துலதான பாடப் போறோம்?" என்றாள் புஷ்பம். பதிவாகாமல் இருக்கக் கேசட்டின் முதுகில் இருந்த தகட்டை உடைத்து அனுப்பியிருந்தார்கள். அந்த ஓட்டையில் அவள் டிஸ்பென்சரி பிளாஸ்திரியை ஒட்டினாள். முப்பது பேரும் கும்மி பாடினார்கள். பஞ்சு பறக்கிற இடத்தில் ஈரத் துணியை மூக்கில் எப்படிக் கட்டுவது என்று மில் பெண்கள் சொன்னார்கள். பதிவை ஓட்டியவள் நான்.

தங்கள் குரலைக் கேட்க வேண்டும் என்று ஆளாளுக்கு அடம்பிடித்தார்கள். போட்டேன். பாட்டு வந்தது, மூக்குத் துணி வந்தது, சட்டென்று அரைகுறை வாக்கியத்தில் வாம்புயியின் குரல் வந்தது. பொத்தானை அமுக்கி நிறுத்தினேன். இன்ஸ்டிடியூட்டில் எதை முடித்தாலும் தொடக்கத்துக்குத் திருப்பி வைப்பது என் பழக்கம். கேசட்டையும் போன வாரமே அப்படித் திருப்பி வைத்திருந்தேன். அதை மறந்து, இரண்டாம் பக்கத்தின் தொடக்கத்திலிருந்தே பதிவுப் பொத்தானை அழுத்திவிட்டேன். கூழைப் பற்றிய பாடம் முழுதும் போய்விட்டது. நான் குறிப்புகூட எடுத்து வைக்கவில்லை. கேட்கக் கேட்க அப்படியே தமிழில் சொல்கிறவள் என்ற மிதப்பு எனக்கு.

கூட்டம் கலைந்த பிறகு புஷ்பத்திடம் சொன்னேன்: தபாலில் தொலைந்துவிட்டது என்று எழுதிவிடுவோம். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ஏட்டி, அங்கன தோட்டத்துல பிள்ளைய வச்சுக்கிட்டு உக்காந்திருக்கவளுக்குக் கூழ் எப்பிடி இளகும்? தொலைஞ்சு போச்சுன்னா அவ என்ன செய்வா?" என்றாள். உண்மையைச் சொன்னால் மையமே போய்விடும் என்றேன். "போனா போவுது. பாடம் போகக் கூடாது. ஞாயித்துக்கெழம எல்லாரையும் வரச் சொல்லு. ஆளுக்குக் கொஞ்சம் ஞாபகம் இருக்கும்லா?" என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமையைப் போல் இன்னொரு நாள் என் வாழ்க்கையில் வந்ததில்லை. ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ், மூன்று சட்டி. வாரம் முழுவதும் வேலம்மாள் முளைகட்டிக் காயவைத்து இடித்த மாவு. எவ்வளவு மாவு என்பதில் எல்லோரும் ஒத்துப்போனார்கள். எப்போது போடுவது என்பதில்தான் சண்டை. அடுப்பில் கொதிக்கும்போதே என்று பாதிப் பேர், இறக்கி ஆறிய பிறகு என்று மீதிப் பேர். வாம்புயி என்ன சொன்னாள் என்று என்னைக் கேட்டார்கள், எனக்குத் தெரியவில்லை. "டீச்சருக்கே தெரியலன்னா சட்டியத்தான் கேக்கணும்" என்றாள் புஷ்பம். கொதிக்கும் சட்டியில் மாவைப் போட்டோம். கூழ் கல்லுப்போல இருந்தது. ஆறிப்போன சட்டியில் போட்டோம், அதுவும் அசையவில்லை. மூன்றாவது சட்டியை இறக்கி, விரல் வைத்ததும் சூடு தாங்காமல் எடுத்துவிடுகிற பதத்தில் போட்டுக் கிண்டினோம். செத்த நேரத்தில் கரண்டி லேசானது. கூழ் கஞ்சியாக ஓடியது. முப்பது பேரும் போட்ட கூச்சலில் பக்கத்துக் கடைக்காரர் என்னவோ ஏதோவென்று ஓடிவந்தார். அவருக்கும் ஒரு டம்ளர் கொடுத்தோம். பிள்ளைக்குக் கொடுக்கும் முன் இன்னொரு கொதி விட வேண்டும் என்பதை ஸ்டெல்லாதான் ஞாபகப்படுத்தினாள். அப்போது அவளுக்குப் பாவாடை சட்டை வயது. கூழ் தெறித்ததில் என் டைப்ரைட்டர் ஒன்றில் 'ட' எழுத்து ஒரு மாதம் ஒட்டிக்கொண்டே இருந்தது.

அத்தனையையும் கும்மிக்குப் பின்னால், முதலில் தமிழிலும் பிறகு என் ஆங்கிலத்திலும் பதிவு செய்தோம். தோற்ற இரண்டு சட்டிகளையும் சொல்ல வேண்டும் என்பதில் புஷ்பம் பிடிவாதமாக இருந்தாள். "தப்பையும் சேத்துச் சொன்னாத்தான் அடுத்தவ அதப் பண்ணமாட்டா" என்றாள். கடைசியில் அவளே மைக்கைப் பிடித்தாள். "வாம்புயி அக்கா, ஒங்க பாடத்த அழிச்சுட்டோம். மையத்துக்குப் பொறுப்பு நான். தப்பு என்னுது. மன்னிக்கணும்" என்றாள். அதை நான் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். நான் இழுத்தேன். அவள் என் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். அவள் சொன்னபடியே சொன்னேன்.

இரண்டு மாதம் பதில் இல்லை. நான் இளைத்துப்போனேன், அவள் பால்கோவா தின்று பெருத்தாள். முதலில் மலையகத்திலிருந்து கடிதம் வந்தது, தமிழில். தோட்டத்துப் பெண்களும் தமிழர்கள். அதுவரை ஆங்கிலம் தெரிந்த ஒருவர் வந்தால்தான் அவர்களுக்கு வகுப்பு. 'அக்காமாரே, முதல் தடவையாக எங்களுக்கு யாரும் சொல்லித் தராமலே பாடம் விளங்கியது. எங்கள் லயன் வீட்டுக் காம்பராக்களில் கூழ் இளகிவிட்டது' என்று எழுதியிருந்தார்கள். அவர்கள் வெளிநாட்டு அலுவலகத்துக்கும் எழுதியிருந்தார்களாம்; அடுத்த வாரம் அங்கிருந்து கடிதம். முப்பது பேர் முன்னால் நின்று படித்தேன். மையம் தொடரும் என்று எழுதியிருந்தது. இனி எந்த மையமும் கேசட்டைக் கேட்டதோடு அனுப்பிவிடக் கூடாது. செய்து பார்த்து, தங்கள் மொழியில் மறுபடி சொல்லித்தான் அனுப்ப வேண்டும். அந்த முறையை மற்றவர்களுக்கு ராஜபாளையம் மையம் சொல்லித் தர வேண்டும். நகரத்துக் கமிட்டிக்காரர் மறுபடி வந்து, புஷ்பம் சொல்லச் சொல்லக் குறிப்பெடுத்துக்கொண்டு போனார். அன்றைக்கு அவருக்கு வயிறு நிறையச் சோறு போட்டாள். வாம்புயி அடுத்த கேசட்டில் சிரித்துவிட்டுத்தான் பேசவே ஆரம்பித்தாள். கொதிக்கும்போது போட்டால் இளகாது என்பது அவளுக்கே தெரியாதாம். கைப்பழக்கத்தில் எப்போதும் இறக்கிவிட்டுத்தான் போட்டுவந்தாளாம்.

தொண்ணூறுகளின் கடைசிவரை கேசட் காலேஜ் நடந்தது. புஷ்பம் ஒருநாளும் அந்தப் பொத்தானைப் பற்றி என்னிடம் பேசியதில்லை. நானும் யாரிடமும் சொன்னதில்லை. அவள் கேசட்டை அழித்த கதையை ஆளாளுக்குச் சொல்லிச் சிரிக்கும்போது நானும் கூடச் சிரித்திருக்கிறேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கூசுகிறது.

புதன்கிழமை, கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்து பந்தலில் உட்கார்ந்திருந்தோம். சின்னஞ்சிறுசுகள் கேட்டதற்காக வேலம்மாள் அந்தக் கதையை எடுத்தாள். "எங்க அக்கா ஒரு நா கேசட்டை அழிச்சுட்டாவ பாரு..." என்று தொடங்கியதும் எல்லோரும் சிரித்தார்கள். நான் எழுந்து நின்றேன். "அழிச்சது நான்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன்.

வேலம்மாள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அது அன்னைக்கே தெரியும் டீச்சர். பாட்டுப் படிக்கையில அக்கா எங்க நடுவுலல்லா நின்னாவ? மிசினுகிட்ட நீங்க ஒத்தையிலதான இருந்தீய?"

"பொறவு ஏன் ஒருத்தியும் கேக்கல?"

"அக்காதான் என்னுதுன்னு சொல்லிட்டாவள்லா. அதுக்கு மேல நாங்க என்னத்தக் கேக்க?"

பந்தலே சிரித்தது. நானும் சிரித்தேன், அழுதுகொண்டே. என்னைக் கூனிக்குறுக விடக் கூடாது என்று முப்பது பேரும் இத்தனை வருஷம் வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறார்கள். ஒருத்தி சொன்ன ஒரு வார்த்தைக்காக. அவளிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொள்வது ஒன்றுதான்: செய்த தப்பை, அதனால் பாதிக்கப்பட்டவர்களின் முகத்துக்கு நேரே, சத்தமாகச் சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பது. இவ்வளவு வயதுக்குப் பிறகு இப்போதுதான் தொடங்கியிருக்கிறேன். பந்தலில் இருந்தவர்களிடம் சொல்லிவிட்டேன். அங்கே வராதவர்களுக்கு இங்கே எழுதிவிட்டேன். இனிப் பாக்கி ஒருத்திதான். புஷ்பம், தப்பு என்னுது.