குதிரைக்குப் போன கனவுகள்

பல்பொடி வாசனை அடிக்கும் ஈரக் கை ஒன்று நெற்றியில் வந்து படியும். சனி, ஞாயிறு காலைகளில் நானும் அக்காவும் கண் விழித்தது எப்போதும் அந்தக் கையின் குளிர்ச்சியில்தான். கூடவே, வாரத்தின் மற்ற நாட்களில் எங்கே ஒளித்து வைத்திருப்பாரோ என்று வியக்கும்படியான ஒரு பதமான குரலில், "ஏளா, என்ன கனா கண்ட? பைய சொல்லு" என்று அப்பா கேட்பார். பல் துலக்குமுன் சொல்லிவிட வேண்டும், அவரைத் தவிர வேறு யாரிடமும் சொல்லக் கூடாது, சொன்னால் கனவு "ஊசிப் போயிரும்" என்பது அவர் வைத்த சட்டம். ஊசிப் போவதற்குக் கனவு என்ன புளியோதரையா என்று திருப்பிக் கேட்கிற வயது அப்போது எங்களுக்கு இல்லை.

நாங்கள் தச்சநல்லூரில் இருந்தோம். அப்பா ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். நான் எந்த வகுப்புக்குப் போகிறேன் என்பதையே இரண்டு தரம் தப்பாகச் சொன்ன மனிதர், சனிக்கிழமை காலையில் மட்டும் என் பாய் ஓரத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, நான் கனவில் ஏறிய பஸ் என்ன நிறம், பஸ்ஸில் எத்தனை பேர், கண்டக்டர் தொப்பி போட்டிருந்தாரா என்றெல்லாம் கேட்டுக் கேட்டுத் தலையாட்டுவார். அதைப் பாசம் என்று நம்பி, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளிடம் எங்கள் அப்பா போல உண்டா என்று நான் பீற்றிக்கொண்டதும் உண்டு.

விஷயம் வேறு. சனி, ஞாயிறுகளில் பெங்களூரில் குதிரைகள் ஓடும். ரேஸ் புத்தகத்தில் ஒவ்வொரு குதிரைக்கும் நேராக அதன் மேல் ஏறும் ஜாக்கியின் சட்டை நிறமும் தொப்பி நிறமும் அச்சிட்டிருக்கும். பெற்ற பிள்ளைகளின் கனவில் எந்த நிறம் வருகிறதோ அந்த நிறத் தொப்பிக்குப் பணம் கட்டுவதுதான் எங்கள் கணக்கு வாத்தியாரின் கணக்கு. "இது சூதாட்டம் இல்ல, அறிவு. கோர்ட்டே சொல்லியாச்சு" என்று வேறு அடிக்கடி சொல்வார். பத்தாம் வகுப்புக்கு நிகழ்தகவு நடத்திவிட்டு வந்த வாயால் இதைச் சொல்ல அவருக்குக் கூசவே இல்லை. ஆசை வெட்கம் அறியாது என்று சும்மாவா சொன்னார்கள்.

வண்ணார்பேட்டையில் டெலிபோன் பூத் வைத்திருந்த ஓர் அண்ணாச்சிதான் இந்தப் பக்கத்துக் குதிரைக்காரர்களுக்கெல்லாம் குலதெய்வம். பணத்தை வாங்கிக்கொண்டு எங்கேயோ போன் போட்டுக் குதிரையின் பெயரைச் சொல்வார். அவர் பூத் வாசலில் ஒரு ஜவுளிக்கடைக்காரர், ஒரு வங்கி குமாஸ்தா, அப்பா, இன்னும் நாலைந்து பேர் என்று ஒரு சபை கூடும். ஜங்ஷனில் ஜட்கா இழுத்த எலும்புக் குதிரையைத் தவிர வேறு குதிரையைக் கண்ணால் கண்டிராத அந்தப் பெரிய மனிதர்கள், எந்தக் குதிரைக்குக் கால் நோவு, எதற்கு ஈரத் தரை பிடிக்கும் என்று அண்டை வீட்டு மருமகளைப் பற்றிப் பேசுவது போலப் பேசுவார்கள். அப்பாவுக்கு அந்த ஜட்காக் குதிரையின் பக்கத்தில் போகவே பயம். அது தும்மினால் எங்களை முன்னால் விட்டு அவர் பின்னால் ஒதுங்குவார்.

அக்கா ராசிக்காரி. அவள் கனவில் வந்த பச்சைத் தேர் ஒரு தரம் ஜெயித்து அவளுக்குக் கைக்கடிகாரம் வாங்கிக் கொடுத்தது. என் கனவுகள் உருப்படாதவை. பரீட்சைக்கு நேரமாகிவிடும், செருப்பு தொலைந்துவிடும், அவ்வளவுதான். "ஒனக்குக் கனாக் காணக்கூடத் தெரியலையேளா" என்று அப்பா எழுந்து போகும்போது நான் அழுதிருக்கிறேன். இன்றைக்கு நினைத்தால் அந்த அழுகைக்காகத்தான் அவர் மேல் எனக்கு அதிகக் கோபம் வருகிறது.

அம்மா பொதுவாக எதையும் கேட்கிறவள் இல்லை. ஒரு வருஷம் ஆனி மாதத்தில் ஒன்றே ஒன்று கேட்டாள். பாபநாசத்தில் அவளுடைய அண்ணனுக்கு, அதாவது எங்கள் மாமாவுக்கு, வேலை பார்த்த இடத்தில் குடியிருப்பு கொடுத்திருந்தார்கள். அங்கே போய் இரண்டு நாள் எல்லோரும் சேர்ந்து இருக்க வேண்டும், ஆற்றில் குளித்துக் கரையில் உட்கார்ந்து கட்டுச்சோறு சாப்பிட வேண்டும், அந்த இரண்டு நாளும் குதிரை என்ற பேச்சே வரக் கூடாது. அப்பா எங்கள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். அம்மா அதை நம்பாமல், கிளம்புமுன் பையைக் குடைந்து ரேஸ் புத்தகத்தை எடுத்து அரிசிப் பானைக்குப் பின்னால் போட்டுவிட்டுத்தான் பஸ் ஏறினாள். பாபநாசத்தில் இறங்கியதும் மாமா சிரித்துக்கொண்டே, "மாப்ள, மண்குதிரைய நம்பி ஆத்துல எறங்குதீரு, வே. பாத்து எறங்கும்" என்றார். என்னுடையது மண்குதிரை இல்லை, பந்தயக் குதிரை என்று அப்பா பெருமையாகப் பதில் சொன்னார்.

மறுநாள் சனிக்கிழமை. மாமா வீட்டுக் கூடத்தில் படுத்திருந்த என் நெற்றியில் அதே ஈரக் கை வந்து படிந்தது. புத்தகம் அரிசிப் பானைக்குப் பின்னால் கிடக்கிறது. குதிரை இல்லை என்று சத்தியம் ஆகியிருக்கிறது. அப்படியானால் இன்றைக்கு அப்பா எனக்காகவே கேட்கிறார் என்று எனக்கு வந்த சந்தோஷத்தை இப்போது எழுதக் கை கூசுகிறது. அன்றைக்கு நான் கண்டது கெட்ட கனவு. படித்துறையில் அம்மா குளித்துக்கொண்டிருக்கிறாள், தண்ணீர் ஏறுகிறது, அம்மாவை ஆறு இழுத்துக்கொண்டு போகிறது, நான் கூப்பிடக் கூப்பிட அவள் கை மட்டும் தெரிகிறது. விக்கி விக்கி அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு முழுவதையும் கேட்டார். கேட்டு முடித்ததும் குனிந்து, "அம்ம என்ன கலர் சேலை உடுத்திருந்தா?" என்றார்.

ஆரஞ்சு என்றேன்.

அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு, கட்டுச்சோற்றுக்கு வாழையிலை வாங்கி வருவதாகச் சொல்லிப் போனார். அம்மா புளியோதரையும் துவையலும் கட்டி வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்தாள். வெயில் ஏறியது, இலை வரவில்லை. ஒன்றுக்கு இரண்டு தரம் தெருமுனை வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். கடைசியில் மாமா, இலைக்குப் போனவர் தோப்பையே வாங்கிக்கொண்டு வருவார் போலிருக்கிறது, நீங்கள் கிளம்புங்கள் என்றார். நாங்கள் மூவரும் கோவில் படித்துறைக்குப் போனோம். அம்மா தண்ணீரில் இறங்கியபோது நான் அவள் சேலைத் தலைப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். மீன்கள் காலைக் கடித்தன, அக்கா கேலி செய்தாள், நான் விடவில்லை. ஏன் இப்படிப் பயப்படுகிறாய் என்று அம்மா கேட்டும் சொல்லவில்லை. சொன்னால் ஊசிப் போய்விடும் என்பது சட்டமாயிற்றே. ஆறு அம்மாவைக் கொண்டுபோகும் என்று எங்கள் வீட்டில் இரண்டு பேருக்குத் தெரியும். ஒருத்தி தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள், இன்னொருவர் பக்கத்து ஊரான விக்கிரமசிங்கபுரத்தில் ஏதோ ஒரு பூத்தில் நின்று, ஆரஞ்சுத் தொப்பி எந்தக் குதிரைக்கு என்று வண்ணார்பேட்டை அண்ணாச்சியைப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

இலை இல்லாததால் அம்மா சோற்றை உருட்டி எங்கள் கையில் வைத்தாள். அவள் சாப்பிடவில்லை.

அந்தக் குதிரை ஜெயித்துத் தொலைத்தது. தோற்றிருந்தாலாவது அவரை ஏமாந்த மனிதர் என்று கொஞ்சம் மன்னித்திருப்பேன். விளக்கு வைக்கிற நேரத்தில் அல்வாப் பொட்டலமும் புதுச் சேலையுமாக வந்தார். இலையை மட்டும் மறந்திருந்தார். சேலை ஆரஞ்சு நிறம். இதென்ன திடீரென்று இந்த நிறம் என்று அம்மா கேட்க, எல்லாம் உன் சின்ன மகள் கொடுத்த நிறம்தான் என்று என் தலையைத் தடவினார். அம்மா என்னைப் பார்த்தாள். நான் சட்டத்தை மீறிக் கனவை முதலிலிருந்து சொன்னேன்.

அம்மா குரலை உயர்த்தாமல்தான் கேட்டாள்.

"நான் ஆத்தோட போறதப் பிள்ள அழுதுகிட்டு சொல்லியிருக்கா. நீங்க சேலையத்தான் கேட்டீயளோ?"

அப்பாவுக்குப் பதில் இருந்தது. தண்ணீர் கனவில் வந்தால் நல்ல சகுனம் என்றும், அதனால்தான் ஜெயித்தது என்றும் விளக்கினார். ஞாயிற்றுக்கிழமை ஊர் திரும்பும்போது அம்மா அந்தப் புதுச் சேலையை மடிப்புக் கலைத்து விரித்து, எங்கள் ஈரத் துணிகளையெல்லாம் அதில் போட்டு மூட்டை கட்டினாள். பஸ்ஸில் அந்த மூட்டையை அப்பாவின் மடியில் வைத்தாள். அவர் வேட்டி நனைய நனைய தச்சநல்லூர் வரை அதைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

அதற்குப் பிறகு அந்த ஈரக் கைக்கு நான் உண்மைக் கனவு ஒன்றுகூடக் கொடுக்கவில்லை. ஊதா யானை, மஞ்சள் மழை என்று வாயில் வந்ததை அளந்தேன். அவர் அதே பக்தியோடு தலையாட்டினார். என் பொய்க்கும் குதிரைகள் முன்போலவேதான் ஓடின. சில வாரம் ஜெயித்தன, பல வாரம் தோற்றன. வித்தியாசம் கண்டுபிடிக்க அந்தக் கணக்கு வாத்தியாருக்கு இன்று வரை தெரியவில்லை.

இப்போது வண்ணார்பேட்டையில் அந்த பூத் இல்லை, அண்ணாச்சி இல்லை, ஜங்ஷனில் ஜட்காவும் இல்லை. அப்பாவும் அம்மாவும் என்னோடு இருக்கிறார்கள். ஓய்வு பெற்ற அப்பாவுக்குப் பெங்களூர் இப்போது உள்ளங்கைக்குள்ளேயே இருக்கிறது. எந்தக் குதிரை வரும் என்று ஆருடம் சொல்லவும் போனிலேயே ஆட்கள் இருக்கிறார்கள். போன மாதம் ஒரு சனி, ஞாயிறு எல்லோருமாகக் காரில் பாபநாசம் போய் ஒரு விடுதியில் தங்கினோம். விடியற்காலையில் என் மகள் கெட்ட கனவு கண்டு அலறி எழுந்தாள். அவள் தலைமாட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அப்பா, போனிலிருந்து தலையை நிமிர்த்தவே இல்லை. கனவுகளுக்கு இப்போது அவரிடம் வேலை இல்லை. ஒரு காலத்தில் கேட்கவாவது செய்தார்.

அம்மாவும் நானும் மகளுக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்தோம். அவள் அழுதுகொண்டே சொல்லத் தொடங்கினாள். கனவில் ஆறு வந்தது, நான் வந்தேன். முழுவதையும் கேட்டேன். நான் என்ன நிறச் சேலை உடுத்தியிருந்தேன் என்று மட்டும் கேட்கவில்லை.