மினிஸ்ட்ரோ செய்யாத திருட்டு

ஒப்துலியாவுக்கு வாய் கொஞ்சம் நீளம். பென்குயினுக்குக் கால் சுடாதா, கடல்சிங்கத்துக்கு வயிறு வலித்தால் என்ன பண்ணும் என்று தன் கடைக்குச் சாப்பிட வந்தவனையெல்லாம் குடைந்தெடுப்பாள். லகுனியாஸ் மீன்பிடித் துறைமுகத்தில் இதற்கெல்லாம் பதில் தெரிந்தவன் எவன்? ஆளுக்கொரு கதை விடுவான். அவளும் கன்னத்தில் கைவைத்துக் கேட்டுவிட்டு, ஒன்றையும் நம்பமாட்டாள்.

அந்த வாய்தான் அவளை மாட்டிவிட்டது. அந்தத் துறை இருக்கும் பராக்காஸ் கடலுயிர்க் காப்பகத்துக்குப் புதிதாக வந்த காவலர் எடில்பெர்த்தோ மலைநாட்டுக்காரன், கடலைப் பார்த்தே ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. மணல்காற்று ஆரம்பித்த ஒரு மத்தியானம், தட்டைக் கையால் மறைத்துக்கொண்டு, எலுமிச்சையில் ஊறிய பச்சைமீன் செவிச்சே தின்றவன், தொழில் எப்படிப் போகிறது என்று மரியாதைக்குக் கேட்டு வைத்தான்.

"அதை ஏன் தம்பி கேக்குற. என் புருஷன் காத்துக்குழாயைக் கடிச்சுக்கிட்டு அடியில கெடந்து நண்டு புடிக்கிறான். வலைப்பையில கட்டித் தண்ணியில தொங்கவிட்டா பாதியைப் பூனை தின்னுட்டுப் போயிடுது. நேத்து முழு ஆக்டோபஸையே இழுத்துக்கிட்டுப் போச்சு, திருட்டுக் கழுதை."

எடில்பெர்த்தோவின் கண் மேஜைக்கு அடியில் போயிற்று. அங்கே பழுப்பாக, குண்டாக, ஒப்துலியாவின் பூனை தூங்கிக்கொண்டிருந்தது. நாள் முழுக்கத் தூங்குவதும் நேரத்துக்குச் சாப்பாடு கேட்பதுமாக இருந்ததால் அதற்கு மினிஸ்ட்ரோ, அதாவது மந்திரி, என்று பேர் வைத்திருந்தாள்.

இங்கே ஒரு விஷயம். நாம் நீர்நாய் என்கிறோமே, அந்தப் பிராணிக்கு அந்தத் துறையில் பூனை என்று பேர். அது நாயா பூனையா என்று அதையே போய்க் கேட்டவர் யாருமில்லை. துறைக்காரர்கள் 'பூனை' என்றால் பாறையிடுக்கில் இருக்கும் அந்தக் கடல் பூனைதான். கரையில் இருப்பது மினிஸ்ட்ரோ, அவ்வளவுதான். இது மலைநாட்டுக்காரனுக்கு எப்படித் தெரியும்? கடலில் இறங்கி ஆக்டோபஸ் வேட்டையாடும் வீட்டுப்பூனையைப் பற்றி அவன் வயர்லெஸ்ஸில் சொல்ல, காப்பக ஆபீசில் ஆடிப்போய்விட்டார்கள்.

மறுநாள் காலை கூண்டோடு வந்து நின்றான்.

"எதுக்குத் தம்பி கூண்டு?"

"பூனைக்கு, சென்யோரா. காப்பகத்துல வீட்டுப்பூனை இருக்கவே கூடாது. வயசான பூனைன்னு முன்னாடி இருந்தவங்க கண்டுக்காம விட்டுட்டாங்க. இது வேட்டைக்காரப் பூனையாமே."

"அடப்பாவி, இதுவா வேட்டைக்காரன்? தண்ணிக்கிண்ணத்தைப் பார்த்தாலே நாலடி தள்ளிப் போகும். நான் சொன்னது கடல்ல இருக்கறது."

"கடல்ல ஏது பூனை?" என்றான் அவன். நியாயமான கேள்விதான். "காட்டுங்க, கூண்டை எடுத்துட்டுப் போயிடறேன். நாளைக்கு சாயங்காலம் வரைக்கும் டயம்."

பிள்ளைகள் இரண்டும் லீமாவுக்குப் போய்விட்டன. புருஷன் வென்சேஸ்லாவோ பாதி நாள் தண்ணீருக்கு அடியில். அந்தக் கடையில் அவளுக்கு ராப்பகல் துணை மினிஸ்ட்ரோ ஒன்றுதான். அடுப்பை அணைத்துவிட்டு, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு பாறைப்பக்கம் போய் உட்கார்ந்தாள். தினமும் வந்து திருடுகிற சனியன் அன்றைக்குப் பார்த்து எட்டிப் பார்க்கவில்லை. "இப்ப ஒளிஞ்சுக்கோ. திங்க மட்டும் வா," என்று திட்டிக்கொண்டே திரும்பி வந்தாள்.

மறுநாளும் போனாள். உச்சிவெயிலில் நுரைக்குள்ளிருந்து ஒரு மீசை எழும்பியது. மல்லாந்து மிதந்தபடி, நெஞ்சின்மேல் நண்டை வைத்து மொறுக் மொறுக்கென்று கடித்தது. இத்தனை வருஷம் திட்டியிருக்கிறாள், நின்று பார்த்ததில்லை. அட, கையால் பிடித்துத் தின்கிறதே என்று ஒப்துலியாவுக்கு வந்த வேலையே மறந்துபோயிற்று. பாதியைத் தின்றுவிட்டு மீதியை வாயில் கவ்விக்கொண்டு அது பாறையேறியது. இடுக்கிலிருந்து விசில் மாதிரி ஒரு சத்தம், பின்னாலேயே ஒரு குட்டித் தலை.

ஓடிப்போய் எடில்பெர்த்தோவைக் கூண்டும் கையுமாக இழுத்துவந்தாள். அவன் குனிந்து பாறையிடுக்கை எட்டிப் பார்த்தான். "மன்னிச்சுக்குங்க, சென்யோரா. உங்க பூனை உங்ககிட்டயே இருக்கட்டும். நான் மேல பேசிக்கறேன்," என்று கூண்டைத் தோளில் போட்டுக்கொண்டான்.

அத்தோடு வாயை மூடியிருக்கலாம். அவளால் முடியுமா?

"ஒண்ணு மட்டும் சொல்லு. பூனைன்னா உங்க ஆபீசுக்கு ஏன் இவ்வளவு பயம்? பறவையைப் புடிக்கும்னா?"

அவன் கூண்டைத் தோள் மாற்றிக்கொண்டான். "அதுவும்தான். பூனையோட கழிவுல ஒரு கிருமி இருக்குமாம். அது கடல்ல கலந்தா இந்த மாதிரிப் பிராணிக்கு மூளையைத் தாக்குமாம். இந்தக் கடல்ல யாரும் இன்னும் சோதிச்சுப் பார்த்ததில்ல."

மினிஸ்ட்ரோ எங்கே ஒதுங்கும் என்று அவளுக்குத் தெரியும். கடைக்குக் கீழே, அலை வந்து தொட்டுப் போகும் ஈரமணலில். அவள் பாறையைத் திரும்பிப் பார்த்தாள். குட்டி நண்டுக்காலை இழுத்துக்கொண்டிருந்தது. எடில்பெர்த்தோ பாதி தூரம் போய்விட்டான்.

"தம்பி," என்று கூப்பிட்டாள். "கூண்டை வெச்சுட்டுப் போ."

மினிஸ்ட்ரோவை அவளே உள்ளே தூக்கி வைத்தாள். மீன் வண்டியில் ஏற்றி, பிஸ்கோவில் இருக்கும் தங்கை நெமேசியாவிடம் விட்டுவிட்டு வந்தாள். வரும் வழியெல்லாம் அழுதாள்.

வென்சேஸ்லாவோ கரையேறி வந்து மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தான். "ஏண்டி, அது திருடலைன்னு நிரூபிச்சுட்டு நீயே நாடு கடத்திட்டியாமே?"

அவன் அன்றைக்குப் பிடித்துவந்த நண்டுகளை எண்ணெய்ச் சட்டிக்குப் பக்கத்தில் வைத்தபடி அவள் சொன்னாள்: "கடல் பூனைக்குக் குட்டி இருக்கு, வென்சே. நாளைக்கு வலைப்பையை ரொம்ப இறுக்கிக் கட்டாத."